பாண்டிச்செல்வம் வீட்டுச் சூரியன்

துக்க வீட்டுக்குள் நுழைந்தால் எல்லோரும் முதலில் இறந்தவரைப் பார்ப்பார்கள். பாண்டிச்செல்வம் மேலே பார்ப்பார். கூடத்தில் இரண்டு டியூப்லைட் எரிந்தால் அவர் முகம் சுண்டிப்போகும். செட்டியார்பட்டியில் ஒரு பெரியவர் காலமானபோது, யாரும் கவனிக்காத நேரமாகப் பார்த்து ஒரு டியூப்லைட்டை அணைத்தார். வாசல் கதவை முக்கால்வாசி சாத்தினார். தலைமாட்டுக் குத்துவிளக்கை ஒரு முழம் தள்ளி வைத்தார். அதுவரை யார் வீட்டு மருமகள் எங்கே போனாள் என்று பேசிக்கொண்டிருந்த பெண்கள், ஏனென்று தெரியாமல் மறுபடியும் அழத் தொடங்கினார்கள். காலையிலிருந்து கல்லாக நின்ற மூத்த மகன்கூட விசும்பினார். அதுவரை அவருக்குத் துக்கம் இல்லையா என்று கேட்டால், “இருந்துச்சு, தெரியல” என்பார் பாண்டிச்செல்வம்.

தொழில் அப்படி. ராஜபாளையத்துக்காரரான அவர், இருபத்தைந்து வருடமாகச் சென்னையில் சினிமாவுக்கு விளக்குப் போடுகிறார். இப்போது லைட்மேன்களுக்குத் தலைவர்; கேஃபர் என்பார்கள். கதாநாயகி மண்ணெண்ணெய் விளக்கை ஏந்தி வருவாள். அவள் முகத்தில் விழும் வெளிச்சம் அந்த விளக்கினுடையது என்று நாம் நம்புவோம். அது செட்டுக்கு மேலே கட்டிய பரணிலிருந்து பாண்டிச்செல்வம் அனுப்பியது. ஜன்னல் வழியே விடியற்காலை வரும். ஜன்னலுக்கு வெளியே பகல் இரண்டு மணிக்கு, வெளிச்சத்தை மெத்தென்று ஆக்கப் பட்டர் பேப்பர் கட்டிய பெரிய விளக்கோடு நாலு பேர் வியர்த்துக்கொண்டிருப்பார்கள். வெளிச்சம் போடுவது பெரிய வேலையில்லை, போட்டது தெரியாமல் இருப்பதுதான் வேலை என்பது அவர் கட்சி. இதே கட்சியில் அரசியல்வாதிகளும் உண்டு. அவர்களுக்கு இவரளவு நேர்த்தி வராது.

இப்படிப்பட்ட மனிதர் படப்பிடிப்பு இல்லாத மாதங்களில் ஊருக்கு வந்தால் வீடு தாங்காது. உட்கார மாட்டார். நாற்காலியை நகர்த்துவார், திரைச்சீலையை விலக்குவார், மறுபடி மூடுவார். சாப்பிடும்போது தட்டைத் திருப்பிக் குழம்பின் மேல் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று பார்ப்பார். “கொழம்பு கண்ணுக்கா, வாய்க்கா?” என்று மனைவி ஈஸ்வரி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

மகள் கல்பனாவுக்கு அலுப்பு அல்ல, பயம். ஒரே மகள். தனியார் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். முதலில் சுந்தரபாண்டியத்திலிருந்து ஓர் இடம் வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப அப்பாவே போட்டோ எடுத்தார். அரை நாள் எடுத்தார். மகளின் ஒரு கன்னத்தில் மாலை வெயில், மறு கன்னத்தில் தெர்மாகோல் அட்டையிலிருந்து தெறித்த மெல்லிய வெளிச்சம், தலைமுடியின் ஓரத்தில் பொன் கோடு. தெருவே பார்த்து மெச்சியது. அவர்கள் பெண் பார்க்க வந்தார்கள். கல்பனா காபி கொடுத்தாள். காபியைக் குடித்துவிட்டு மாப்பிள்ளையின் அம்மா, “சின்னவ லட்சணமா இருக்கா. மூத்தவள வரச் சொல்லுங்க” என்றாள்.

மூத்தவள் போட்டோவில் மட்டுமே இருந்தாள். அவர்கள் எழுந்து போனார்கள்.

அடுத்த இடம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தது. மாப்பிள்ளை ஜெயபாண்டி ராணுவத்தில் இருக்கிறான், லீவில் வந்திருந்தான். அவன் அப்பா முத்துவீரன் ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். இந்த முறை கல்பனா, ஸ்டாஃப் ரூம் டியூப்லைட்டுக்குக் கீழே நின்று தன் செல்போனில் தானே ஒரு படம் எடுத்து அனுப்பினாள். அதைப் பார்த்த அப்பா ஆதார் அட்டையைப் பார்த்தவர்போலக் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் ஜெயபாண்டி பேசச் சொல்லி எண் கேட்டான். பேசினார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன் என்றாள் இவள். “நான் வருஷத்துல ரெண்டு மாசம் வீட்டுல இருக்கறவன். மிச்ச பத்து மாசம் நீ என்ன செய்யணும்னு நான் எந்த வாயால சொல்ல?” என்றான் அவன். கல்பனாவுக்கு அந்த வாய் பிடித்துவிட்டது.

அப்பாவிடம் நேராகவே சொன்னாள்.

“எனக்கு இந்த இடம் புடிச்சிருக்குப்பா. இது போச்சுன்னா ஒங்களாலதான் போகும். அவிய பாக்க வார அன்னைக்கு வீட்டுக்குள்ள ஒரு லைட்டு நீங்க வைக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க.”

“வீட்டுக்குள்ள வைக்கல. போதுமா?” என்றார் பாண்டிச்செல்வம். சினிமாக்காரர்கள் சத்தியம் செய்யும்போது ஒவ்வொரு சொல்லையும் கவனிக்க வேண்டும். கல்பனா இங்கிலீஷ் டீச்சர். தமிழில் கொஞ்சம் அசந்துவிட்டாள்.

அவரை அப்படியே விட்டிருந்தால் சும்மா இருந்திருப்பாரோ என்னவோ. நல்ல நேரம் கெடுத்தது. ஐந்தரைக்கு மேல்தான் நேரம் நன்றாக இருக்கிறது என்று முத்துவீரன் வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். ஐந்தரைக்குப் பாண்டிச்செல்வத்தின் கூடத்தில் என்ன இருக்கும்? மேற்கே மலை இருக்கிறது. ஐப்பசி மாதத்தில் அந்நேரத்துக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். கூடம் கழுவிய பாத்திரம்போல வெளுத்துக் கிடக்கும். நாலரைக்கு அதே மேற்கு ஜன்னல் வழியே வரும் வெயிலைப் பார்த்தால் எந்தக் குடும்பமும் இந்த வீட்டில் சம்பந்தம் வைக்கும். ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். ஒரு மணி நேரத்துக்காக மகளின் வாழ்க்கையை விடுவதா?

மேற்கு ஜன்னலுக்கு எதிரே அய்யூப்பின் மாடி. அய்யூப் பந்தல், மைக் செட், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுபவர். பாண்டிச்செல்வத்தோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர், ஒன்றாகப் போகாமல் இருந்தவரும்கூட.

“ஏலே அய்யூப்பு, ஒன் மாடிச் சொவரு செத்த நேரம் வேணும்.”

“சொவத்தப் பேத்தா எடுத்துட்டுப் போகப் போற? என்னல செய்யப் போற மாப்ள?”

“சூரியன் வைக்கணும்.”

“கல்பனாவுக்குத் தெரியுமா?”

“வீட்டுக்குள்ளதான வைக்கக் கூடாதுன்னு சொன்னா.”

“நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்ல” என்றார் அய்யூப். சுவரைக் கொடுத்தார். கல்யாண வீடியோவுக்கு வாடகைக்கு விடும் பெரிய விளக்கு ஒன்றையும் கொடுத்தார். பாண்டிச்செல்வம் அதன் முன் மஞ்சள் தாளும் பட்டர் பேப்பரும் கட்டி, ஜன்னல் கம்பியின் நிழல் சுவரில் சாய்ந்து விழும்படி ஒரு மணி நேரம் பார்த்துப் பார்த்துத் திருப்பினார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். முத்துவீரன், அவர் மனைவி மகாலட்சுமி, ஜெயபாண்டி. கூடத்தில் அப்படி ஒரு வெயில். சுவரில் வெள்ளையடித்து வருடங்கள் ஆனது தெரியவில்லை. மகாலட்சுமி உள்ளே வந்ததுமே, “வீடு பாந்தமா இருக்கே” என்றாள். ஈஸ்வரிக்கே தன் வீடு பிடித்துப்போயிற்று.

முதல் அடி நாற்காலியில் விழுந்தது. ஜன்னலுக்கு நேரே இருந்த நாற்காலி கல்பனாவுக்காக வைத்தது. முத்துவீரன் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். எங்கே போனாலும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எதிரில் இருப்பவர் முகத்தை வெளிச்சத்தில் பார்ப்பது அவருடைய உத்தியோகப் பழக்கம். மகாலட்சுமியைப் பெண் பார்க்கப் போனபோதும் அப்படித்தான் உட்கார்ந்தாராம். அந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். மகளுக்காகத் தைத்த வெயில் முழுவதும் அவருடைய வழுக்கையில் விழுந்தது. காதோரத்து முடியெல்லாம் பொன்னாகி, சாமி படத்தில் இருப்பதுபோல ஓர் ஒளிவட்டம்.

“அய்யா, இந்தப் பக்கம் வந்திருங்களேன். காத்து வரும்” என்றார் பாண்டிச்செல்வம், பொறுக்க முடியாமல்.

“வேண்டாந் தம்பி, இங்கதான் வசதி” என்றார் முத்துவீரன். பிறகு, “நீங்க சினிமாவாமே? போலீஸ் ஸ்டேஷன்னா எதுக்கு ஒத்த பல்ப ஆட விடுதீய? எங்க ஸ்டேஷன்ல நாலு டியூப்லைட்டு. திருடன் மூஞ்சி தெரிய வேண்டாமா?”

“அது மூடுக்குங்கய்யா.”

“எங்களுக்கு அடிக்கவே வேண்டியதில்ல, மூஞ்சி தெரிஞ்சாப் போதும்” என்று சிரித்தவர், கழுத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி ஜன்னல்.

“ஏந் தம்பி, நாங்க சீவில்லிபுத்தூர்ல கெளம்பும்போதே சூரியன் மலைக்குள்ள போயிருச்சு. ராஜபாளையத்துல மட்டும் இன்னும் இருக்கே. ஒங்களுக்கு வேற மலையா?”

ஈஸ்வரி கணவனைப் பார்த்தாள். காபித் தட்டோடு சமையலறை வாசலில் வந்து நின்ற கல்பனா, சுவரில் சாய்ந்து விழுந்த கம்பி நிழலைப் பார்த்தாள். அந்த நிழலை அவளுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும்.

மலைப்பக்கம் இடி இடித்தது. கரண்ட் போனது. மின்விசிறி நின்றது, கூடவே சூரியனும் நின்றது.

இருட்டு என்றுகூடச் சொல்ல முடியாது, உள்ளபடி இருக்கும் சாயங்காலம்தான். அது வந்து வெட்கமில்லாமல் கூடத்தில் நின்றது. சுவரின் உதிர்ந்த காரை தெரிந்தது. இத்தோடு முடிந்திருந்தால் மேகம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அய்யூப் தொழில் சுத்தமானவர். கரண்ட் போனால் ஜெனரேட்டர் போட வேண்டும் என்பதைத் தவிர அவர் கைக்கு வேறொன்றும் தெரியாது. எதிர் மாடியில் டபடபவென்று சத்தம் கேட்டது. மின்விசிறி நின்றபடியே நிற்க, சூரியன் மட்டும் உதித்தது.

“சூரியனுக்கு டீசலா ஊத்துதீய?” என்றார் முத்துவீரன்.

எழுந்துபோய் ஜன்னல் வழியே பார்த்தார். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. மாடியில் அய்யூப் விளக்குக்குக் குடை பிடித்துக்கொண்டு, தான் நனைந்துகொண்டிருந்தார். காக்கி இல்லாவிட்டாலும் ஆளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது, நிமிர்ந்து, “வாங்கய்யா, நல்லா இருக்கீயளா?” என்றார்.

முத்துவீரன் திரும்பினார். சிரிப்பு இல்லை. “எத மறைக்கதுக்கு இது?”

“மறைக்கலய்யா. ஒரு... அழகுக்கு.”

“என் சர்வீஸ்ல, ஒரு வீடு ரொம்ப ஒழுங்கா இருந்தா அங்க ஒண்ணு பொதைஞ்சிருக்கும்.”

“நான் சொன்னேன்லப்பா” என்று கல்பனா அப்பாவைப் பார்த்து மட்டும் சொன்னாள். தட்டைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஜெயபாண்டி குனிந்து ஒரு டம்ளரை எடுத்துக் குடித்தான். “காபி நல்லா இருக்கு” என்றான். அவனை யாரும் கேட்கவில்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே முத்துவீரன் சொன்னார்: “இன்னொரு தடவ வாரோம். எப்பன்னு சொல்ல மாட்டோம்.”

அன்றிலிருந்து பாண்டிச்செல்வத்துக்குத் தூக்கம் இல்லை, உட்காரல் இல்லை. தெருவில் ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடினார். ஜெயபாண்டியின் லீவு கரைந்துகொண்டிருந்தது. கல்பனா அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பேசினால் ஈஸ்வரியிடம் பேசுவாள், அதுவும் அவர் காதில் விழும்படி. “அம்மா, இந்த வாரமும் வரலன்னா அவிய வேற இடம் பாத்துருவாக. ஒனக்குத் தெரியும்ல, நான் பொறவு யாரையும் பாக்க மாட்டேன்.”

அவரால் யோசிக்க முடிந்தது ஒன்றைத்தான்: முத்துவீரன் எந்த நேரத்தில் வருவார்? காலையில் வந்தால் சமையல்கட்டுப் பக்கம் நல்ல வெளிச்சம். உச்சி வெயிலில் வந்தால் கண்ணுக்குக் கீழே நிழல் குழி விழும். போலீஸ்காரர் உச்சியில் வரக் கூடாது. விளக்கைத் தொடவில்லை, சத்தியமாகத் தொடவில்லை. முற்றத்துக் கொடியில் வெள்ளைப் படுக்கை விரிப்பு இரண்டை மட்டும் காயப் போட்டார். அது வெயிலை வாங்கிக் கூடத்துக்குள் மெத்தென்று அனுப்பியது. காய்ந்த பிறகும் எடுக்கவில்லை. மறுநாள் தண்ணீரில் நனைத்து மறுபடி போட்டார்.

“துணி காயப் போடுறது ஒரு குத்தமா?” என்றார்.

கல்பனா விரிப்புகளை உருவிவிட்டு, ஈஸ்வரியின் கிளிப்பச்சைச் சேலையை அந்த இடத்தில் போட்டாள். பச்சை வெளிச்சம் கூடத்துக்குள் வந்து, எல்லோர் முகமும் மஞ்சள் காமாலை கண்டதுபோல ஆயிற்று. பாண்டிச்செல்வம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்டாடினார்.

அய்யனார் கோவில் போகும் வழியில் ஒரு மாந்தோப்பில் படப்பிடிப்பு என்று அழைப்பு வந்தது. போக மாட்டேன் என்றார். பல நாள் கழித்து மகள் அவரிடம் நேராகப் பேசினாள். “போயிருங்கப்பா. கும்புட்டுக் கேக்கேன், போயிருங்க.”

போனார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாமரங்களுக்கு நடுவே விடியற்காலை செய்துகொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. கல்பனா.

“அப்பா, வந்துட்டுப் போயிட்டாரு.”

கையிலிருந்த பட்டர் பேப்பர் நழுவியது. “தனியாவா? என்னட்டி சொன்னாரு?”

“தனியாத்தான். கொல்லப்பக்கம் வரைக்கும் போயிப் பாத்தாரு. அய்யூப் மாமாவக் கூப்புட்டு விசாரிச்சாரு. மாமா, ‘அவன் சின்னப் புள்ளயிலயே அப்படித்தான்யா’ன்னு வாக்குமூலம் குடுத்துருச்சு. பொறவு என்ன உக்காரச் சொல்லி, ‘ஒங்கப்பன் எத மறைக்காரு?’ன்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“காரை உதுந்த சொவத்தக் காட்டுனேன். இதத்தான் மறைச்சாருன்னேன். பொழுது விடியறதும் அடையறதும் இருபத்தஞ்சு வருஷமா அவரு கையில இருக்கு, வீட்டுக்கு வந்து சும்மா இருங்கன்னா அவரால முடியலய்யா, அதுக்கு மேல அவருகிட்ட ஒரு தப்பும் கெடையாதுன்னு சொன்னேன். ரொம்ப நேரம் என் மூஞ்சியவே பாத்தாரு. பொறவு சிரிச்சிட்டாரு. தையில வச்சுக்கிடலாம்னு சொல்லிட்டாருப்பா.”

பாண்டிச்செல்வம் மாமரத்தில் சாய்ந்தார். கண் கலங்கியது. நாலு பேர் பார்க்கும் இடம். துடைத்துக்கொண்டு கேட்டார்: “எந்தப் பக்கமா உக்காந்திருந்த?”

“அப்பா!”

“சும்மா கேட்டேன்மா.”

“அவரு ஒரு கண்டிசன் போட்டிருக்காரு. கல்யாண மண்டபத்துல மேடைப் பக்கமே நீங்க வரக் கூடாதாம். தாலி கட்டுறதக் கீழ இருந்து பாக்கணுமாம். மத்த நேரமெல்லாம் பந்தியக் கவனிச்சாப் போதுமாம்.”

பாண்டிச்செல்வம் கீழே விழுந்த பட்டர் பேப்பரை எடுத்து மடித்தார். தோப்புக்குள் யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

“சரிம்மா, பந்தியவே பாத்துக்கிடுதேன்” என்றார். “பந்தி ஹால்ல ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கு?”

கல்பனா போனை வைத்துவிட்டாள்.