உச்சியின் முன்பல்

பன்னிரண்டு பேர் கொண்ட அந்த பேண்டில் அவருக்கு உச்சி என்று பெயர். ட்ரம்பெட்டில் மற்றவர்களுக்கு மூச்சு முட்டும் இடத்துக்கு மேலே ஏறி, ஒரு சுரத்தைப் பிடித்து, எட்டு எண்ணும்வரை இறங்காமல் நிற்பார். கல்யாணம், கடை திறப்பு, கம்பெனி விழா எதுவானாலும், அந்த ஒரு இடத்துக்காகத்தான் பேண்டு மாஸ்டர் அவரை இருபத்திரண்டு வருஷமாக வைத்திருந்தார். மற்றபடி அவர் நேரத்துக்கு வருகிறவரும் இல்லை, மாஸ்டரின் ஜோக்குக்குச் சிரிக்கிறவரும் இல்லை.

அந்த உச்சத்தைத் தாங்கியது ஒரு முன்பல். பக்கத்துப் பல்லைவிட ஒரு அரிசி கனம் துருத்திக்கொண்டிருந்தது. சின்ன வயதில் அக்கா "தேங்காய்த் துருவி" என்று கேலி பண்ணிய பல். அந்தத் துருத்தலில்தான் உதடு உட்கார்ந்தது. உதட்டில் பித்தளை உட்கார்ந்தது.

ஒரு மரச்சாமான் கடை திறப்பு. திறந்த லாரியில் பேண்டை ஏற்றித் தெருத்தெருவாக ஊதச் சொன்னார்கள். நாய் குறுக்கே வந்தது, டிரைவர் பிரேக் போட்டார், ட்ரம்பெட் அந்தப் பல்லில் இடித்து, பல் ஆட்டம் கண்டது. "ஓடுற வண்டியில யாருய்யா ஊதச் சொன்னது?" என்றார் கடைக்காரர். சொன்னதே அவர்தான். மாஸ்டர், "லாரிக்காரனைக் கேளு" என்றார். லாரிக்காரர் நாயைக் காட்டினார். தொழிற்சாலையில் விரல் போனால் மனுக் கொடுக்க ஒரு மேஜையாவது இருக்கிறது. பேண்டுக்காரனுக்குப் பல் போனால் நாயிடம்தான் நியாயம் கேட்க வேண்டும்.

மூன்று மாதம், ஆடுகிற பல்லை நாக்கால் முட்டுக்கொடுத்து ஊதினார். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு காலையில் வாய் கொப்பளிக்கும்போது பல் தொட்டியில் விழுந்தது. குனிந்து எடுப்பதற்குள் தண்ணீரோடு போய்விட்டது. பெரிய கல்யாணம் ஒன்றுக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

மனைவி பல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். அங்கே ஒரு ஃபார்ம் கொடுத்தார்கள். பெயர், வயது, தொழில். தொழில் என்ற இடத்தில் அவள் யோசிக்காமல் "கம்பெனி வேலை" என்று எழுதினாள். பதினாறு வருஷப் பழக்கம். பேண்டுக்காரன் என்று சொன்னால் வாடகைக்கு வீடு கிடைக்காது. "சத்தம் வரும்" என்று கதவைச் சாத்துவார்கள். அதனால் வீட்டுக்காரர், பள்ளிக்கூடம், பக்கத்து வீடு என்று எல்லோருக்கும் அவர் கம்பெனி வேலைக்காரர். ட்ரம்பெட் துணிப்பைக்குள் போகும், வரும். பயிற்சி குளியலறையில்தான், குழலின் வாயில் துண்டைத் திணித்து, குழாயைத் திறந்துவிட்டு. ஃபார்மை அவரும் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை.

டாக்டர் கைத்திறன் உள்ளவர். விழுந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் இருந்த பற்களைச் சீவி, மூன்றையும் சேர்த்துக் கட்டிவிட்டார். வரிசை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருந்தது.

"கம்பெனியில நாலு பேரோட பழகுறவரு. இனிமே தைரியமா சிரிங்க" என்று கண்ணாடியைக் கொடுத்தார்.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னங்க, கல்யாணத்தன்னைக்குக்கூட நீங்க இவ்வளவு அழகா இல்ல."

"அன்னைக்கு நீ எங்க என் மூஞ்சியப் பாத்த, தரையத்தான பாத்த."

சாயங்காலம் குளியலறையில் ஊதினார். உதடு உட்கார இடம் தேடி வழுக்கியது. கீழ்ச் சுரங்கள் வந்தன. மேலே போனால் பஞ்சரான சைக்கிள் ட்யூப் மாதிரி வெறும் காற்று. குழாயை மூடினார். துண்டை உருவி எறிந்தார். மாடிக்காரருக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று ஊதினார். கேட்பதற்கு ஒன்றும் வரவில்லை.

மறுநாள் மறுபடியும் டாக்டர்.

"ட்ரம்பெட்டா?" டாக்டர் ஃபார்மைத் தேடி எடுத்தார். "இதுல கம்பெனி வேலைன்னுல்ல இருக்கு?"

"அது வீட்டுக்காரருக்குச் சொல்றது, டாக்டர்."

"வீட்டுக்காரருக்குச் சொல்றத என்கிட்ட எதுக்குங்க சொன்னீங்க? பழைய மாதிரியே துருத்தி வெச்சிருப்பேனே! அந்தப் பல் இருக்கா? இல்ல, போட்டோ ஏதாவது?"

பல் சாக்கடையில். போட்டோ இருபத்திரண்டு வருஷத்துக்கும் இருந்தது. எல்லாவற்றிலும் வாயில் ட்ரம்பெட். கல்யாணப் போட்டோவில் மட்டும் மூடிய வாய்.

டாக்டர் இரண்டு தடவை மாற்றிப் பார்த்தார். "ஒரு நூல் முன்னாலயா? இல்ல, இடது பக்கமா?" என்று கேட்டார். உச்சிக்குச் சொல்லத் தெரியவில்லை. அது உதட்டுக்குத் தெரிந்த கணக்கு. உதட்டிடம் யார் கேட்பது? சீவிய பல் திரும்ப முளைக்கவும் போவதில்லை.

வெளியே பெஞ்சில் மனைவி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். "என் கையாலதான எழுதினேன்."

"நானும் பாத்துட்டுத்தான இருந்தேன். எழுந்திரு."

ஒத்திகைக் கொட்டகையில் மாஸ்டர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "எங்க, அந்த இடத்தப் பிடி."

மூன்று தடவை ஏறினார். மூன்று தடவையும் காற்று. டிரம்ஸ்காரர் தன் குச்சியைத் துடைப்பதுபோல் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

மாஸ்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "கல்யாண வீட்டுல பன்னெண்டு பேருன்னு பேசியாச்சு, உச்சி. நீ வந்து நில்லு. வாயில வெச்சுக்கோ. ஊதாத."

"எத்தனை நாளைக்கு, மாஸ்டர்?"

"உச்சம் பிடிக்கிற இன்னொருத்தன் கிடைக்கிற வரைக்கும்." பிறகு முகத்தை உற்றுப் பார்த்தார். "பல்லு நல்லாத்தான் கட்டியிருக்கான். முன்வரிசையில நில்லு."

கல்யாணத்தன்று சிவப்புக் கோட்டுப் போட்டு முன்வரிசையில் நின்றார். கன்னத்தை உப்பினார், இறக்கினார். பாட்டு அந்த இடத்தை நெருங்கியது. விரல்கள் தாமாகவே கட்டைகளை அழுத்தின. பழக்கதோஷத்தில் மற்றவர்கள் ஊதுவதை நிறுத்தினார்கள்; பக்கத்து ட்ரம்பெட்காரர் வழிவிட்டு, இவரைப் பார்த்தார். எட்டு எண்ணும் நேரம் பாட்டில் ஒரு ஓட்டை விழுந்தது. டிரம்ஸ் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

கூட்டம் விசிலடித்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து மாஸ்டரின் கையைக் குலுக்கி, "பிரமாதம்" என்றார்.

மாஸ்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி இவர் பக்கம் வந்தார். "பாத்தியா? ஒருத்தனுக்கும் தெரியல. நான்தான் இத்தனை வருஷமா பயந்துக்கிட்டிருந்திருக்கேன். இந்த இடத்துல யார் வேணா நிக்கலாம் போலிருக்கே."

ஆறுதலாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு ஏதோ கணக்குப் போடுகிறவர்போல வரிசையை ஒரு தடவை எண்ணிப் பார்த்தார்.

"அண்ணே, அத இறக்கிட்டு ஒரு சிரிப்பு!" என்றார் போட்டோக்காரர்.

உச்சி இறக்கவில்லை. அடுத்த பாட்டு இன்னும் தொடங்கவில்லை. அவர் ட்ரம்பெட்டை உதட்டோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.