எச்சில் பட்ட மின்னஞ்சல்

இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணை எல்லாரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மலம், சிறுநீர், சளி, சீழ் என்று மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளும் எல்லாவற்றையும் டப்பா டப்பாவாகத் திறந்து பார்ப்பவள். முகம் சுளித்ததே கிடையாது. உடம்பு என்றால் அப்படித்தான் என்பாள். கையுறையைக் கழற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உடனே சாப்பாட்டைப் பிரித்து உட்கார்ந்துவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு முதன்முதலில் குமட்டியது தன் ஃபோனைப் பார்த்துத்தான். மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டு, அதைப் பற்றி ஃபோனில் தேடிப் படித்திருந்தாள். வெறும் கொழுப்புக் கட்டி, கவலைப்படாதே என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஃபோன் விடுவதாக இல்லை. சமையல் பார்த்தாலும் பாட்டுக் கேட்டாலும் நடுவில் புற்றுநோய்க் காப்பீடு, செயற்கை மார்பகம், தலைமுடி விக் என்று விளம்பரம் வந்து நின்றது. முன்பின் தெரியாத எவனோ ரவிக்கைக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் கூசிப்போனாள். பழைய ஃபோனைச் சுத்தமாக அழித்து விற்றுவிட்டு, யாரையும் வேவு பார்க்காது என்று சொல்லி விற்கிற ஒரு ஃபோனை வாங்கினாள். பெரிய கம்பெனிகளின் செயலி எதுவும் அதில் கிடையாது. திரை வெறிச்சென்று இருந்தது. அதுவே அவளுக்குப் பிடித்திருந்தது.

மின்னஞ்சல்தான் திறக்கவில்லை. பாஸ்வேர்டைச் சரியாக அடித்தாலும், சரிபார்க்க முடியவில்லை என்றே வந்தது. வேலைநேரப் பட்டியல், சம்பளச் சீட்டு எல்லாம் அதில்தான் வரும். அது போக, வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். முன்பும் பல இடங்களுக்கு எழுதியிருக்கிறாள், ஒன்றிலிருந்தும் பதில் வந்ததில்லை. தன்னை யாருக்கும் வேண்டாம்போல என்று சலித்துப்போய், இதுதான் கடைசி என்று எழுதியிருந்தாள்.

விடுமுறை நாளில் ஃபோனை வாங்கிய கடைக்கே எடுத்துப் போனாள். கண்ணாடி மேசை முழுக்க விரல் ரேகையும் பிசுக்கும். கடைக்காரர் ஐம்பது வயது ஆள், கொட்டாவி விட்டுக்கொண்டே வேலை பார்ப்பவர். ஃபோனில் தேதி தப்பாக இருக்கிறது என்று முதலில் அதைத் திருத்தினார். அப்புறம், இப்போதெல்லாம் மெயில் கம்பெனிகள் பாஸ்வேர்டைச் செயலியிடம் நேராகக் கொடுத்தால் ஏற்பதில்லை, தங்கள் பக்கத்தைத் திறந்து அங்கே போடச் சொல்கிறார்கள் என்றார். அந்தப் பக்கத்தைத் திறந்தால் சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்திலேயே வந்து நின்றது. உங்கள் ஃபோனுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம், அதனால் அந்தப் பக்கம் தன் அடையாளத்தைப் பதித்துவைக்க விடமாட்டேன் என்கிறது என்று சொல்லி, அந்த ஒரு தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தார். இருக்கும் இடத்தை மறைக்கும் வசதியையும் சற்று நேரம் அணைத்துவைத்தார். பாஸ்வேர்டு உள்ளே போனது.

கடைசியாக ஒன்று கேட்டது. புதுக் கருவியாக இருப்பதால், சரிபார்க்க ஓர் ஓடிபி எண்ணை ஃபோனுக்கு அனுப்பியிருக்கிறதாம். அது போய்ச் சேர்ந்த ஃபோன் எண் அவளுடையது அல்ல. கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்ததுமே யாருடையது என்று தெரிந்துவிட்டது. அந்தக் கணக்கைப் பல வருடங்களுக்கு முன் தன் கம்ப்யூட்டரில் தொடங்கிக் கொடுத்தது அவளுடைய அண்ணன்தான்.

அவள் கூப்பிடுவதற்குள் அவனே கூப்பிட்டுவிட்டான்.

"என்னம்மா, ஏதோ ஓடிபி வந்திருக்கு. புது ஃபோன் வாங்கிட்டியா? என்கிட்ட சொல்லவே இல்லையே."

ஓடிபியைக் கேட்டு வாங்கிப் போட்டாள். கணக்கு திறந்தது. அண்ணன் எண்ணை எடுத்துவிட்டு உங்கள் எண்ணைப் போடுங்கள் என்று கடைக்காரர் அந்தப் பக்கத்தைக் காட்டினார். கீழே இன்னொரு கருவியும் இந்தக் கணக்கில் இருக்கிறது, உங்களுடையதா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அது ஒரு டேப்லெட். அன்று காலைகூடத் திறந்திருந்தது. அவளிடம் டேப்லெட் கிடையாது. அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒன்று எப்போதும் சாய்த்து வைத்திருக்கும்.

அந்த இடத்திலேயே மெயிலில் அழித்தவை போய்ச் சேரும் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேர்காணலுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. அவள் அதைப் பார்த்ததே இல்லை. நாளும் கடந்துவிட்டிருந்தது.

நின்ற இடத்தில் உடம்பு கூசியது. புருஷனை விட்டு வந்த காலத்தில் வக்கீலுக்கு எழுதியதையும், சிநேகிதிக்கு அழுது எழுதியதையும், கட்டியின் பரிசோதனை முடிவையும் அவன் படித்திருக்கிறான். படித்துவிட்டுப் படிக்காததுபோல் மாற்றி வைத்திருக்கிறான், பலகாரத்தை நக்கிவிட்டுத் தட்டில் திருப்பி வைப்பதுபோல. அத்தனை நாளும் எச்சிலைத்தான் தின்றிருக்கிறோம் என்று நினைத்தாள். சொல்லாமலே தன் மனசு அண்ணனுக்குத் தெரிந்துவிடும் என்று லேப்பில் எத்தனை பேரிடம் பெருமை அடித்திருக்கிறாள்! டேப்லெட்டைக் கணக்கிலிருந்து வெளியேற்றினாள். பாஸ்வேர்டை மாற்றினாள். நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

அவன் மறுக்கக்கூட இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பிடிபட்டவன் முகம் கொஞ்சமாவது தொங்கும் என்று எதிர்பார்த்துப் போயிருந்தாள். அவன் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே பேசினான்.

"உன் நல்லதுக்குத்தான் அழிச்சேன். அவ்வளவு தூரம் போய்த் தனியா என்ன பண்ணுவே?"

முன்னால் வந்த கடிதங்களையும் அவன்தான் அழித்தானா என்று கேட்டாள். எல்லாம் ஞாபகமில்லை என்றான். எத்தனை என்று தெரியாத அளவுக்கு வந்திருக்கிறது.

அண்ணி சமையலறையிலிருந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காலையில் காப்பி குடிக்கும்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்ப்போம், அந்தக் கட்டி விஷயத்தில் நான் எவ்வளவு பயந்துபோனேன் தெரியுமா என்று உரிமையோடு சொன்னாள்.

"தனியா இருக்கிற பொம்பளை. நாங்க பார்த்துக்காம வேற யாரு பார்த்துப்பா?"

"பார்த்துக்கிறது வேற, பார்க்கிறது வேற, அண்ணி."

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. வாசலில் செருப்பைத் தேடும்போது, நன்றி கெட்டவள் என்று அண்ணன் உள்ளே சொன்னது தெளிவாகக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு எழுதினாள். அழைப்பு கைக்கு வரவில்லை என்று மட்டும் சொன்னாள். அண்ணன் அழித்தான் என்று எழுத விரல் வரவில்லை. குடும்பத்து நாற்றத்தை எங்கோ முகம் தெரியாத ஒருவருக்கு அனுப்புவானேன் என்று இருந்தது. இடம் நிரம்பிவிட்டது, அடுத்த முறை பார்க்கலாம் என்று பதில் வந்தது. சம்பிரதாயத்துக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தாள். ஆனால் மழைக்காலம் முடியும் முன்பே அங்கே ஒரு பெண் பிரசவ விடுப்பில் போக, இவளை உண்மையாகவே கூப்பிட்டார்கள். தற்காலிகமாகப் போன இவளை அப்படியே நிரந்தரமாக வைத்துக்கொண்டார்கள். ஊரை விட்டுக் கிளம்புவதை அண்ணனுக்கு அவள் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் சொன்னார்கள்.

ஒரு வருடம் கழித்து அண்ணனும் அண்ணியும் அவளைப் பார்க்க வந்தார்கள். இரண்டே அறை, வெயில் நன்றாக விழும் வீடு. நடந்தது எதையும் யாரும் எடுக்கவில்லை. அண்ணி அலமாரியைத் திறந்து பார்த்து, சுத்தமாக வைத்திருப்பதாகச் சொன்னாள். அண்ணன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வைஃபை பாஸ்வேர்டு என்ன என்று கேட்டான்.

"சொல்ல மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டு அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் நேரம் வரும்வரை அவன் தன் ஃபோனிலேயே ஏதோ வீடியோவைச் சத்தமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் உள்ளே போய், காய்ந்த துணிகளை மடித்து வைத்தாள்.