கண் துடைத்ததற்குப் புள்ளி

போன வருடம் கிளிநொச்சியில் நடந்த குறும்படப் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். கவிதை எழுதுகிறவன் வேலைவெட்டி இல்லாமல் இருப்பான் என்று நினைத்துக் கூப்பிட்டிருக்கலாம். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு போனேன்.

ஏற்பாட்டாளர் ஒரு யோசனை சொன்னார். எந்தப் படத்துக்குக் கூடுதலாகச் சனம் வருகிறதோ, அதற்குப் பாதிப் புள்ளி. நான் எழும்பினேன். கூட்டம் காற்று, கலை வேர் என்று தொடங்கி, எனக்கே விளங்காத இடம்வரை போய் முடித்தேன். ஒரு நியாயமும் சொன்னேன்: எங்கள் பக்கத்தில் சனம் வருவது படத்துக்கல்ல, சொந்தத்துக்கு. மருமகள் எடுத்த படமென்றால் ஊரே பஸ் பிடித்து வரும். அது முடிந்ததும் மண்டபம் வெறுமையாகிவிடும். யோசனை கைவிடப்பட்டது. படங்கள் ஓடி முடிந்தபோது மற்ற இரு நடுவர்களும் ஆளுக்கொரு படத்தின் பக்கம் நிற்க, முடிவு என் பேனைக்கு வந்தது.

முதற்பரிசு ஒரு கமரா. முல்லைத்தீவுக் கரையில் கருவாடு போட்டுச் சீவிக்கும் பெண் ஒருத்தி அதற்காகவே வந்திருந்தாள். தங்கச்சியின் போனில் எடுத்த படம். தங்கச்சி கலியாணம் கட்டிப் போகிறாள், இனிப் போன் இல்லை என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தாள்.

அவளுடைய படத்தில், கனடா மாப்பிள்ளைக்கு வீடியோவில் பெண் காட்டுகிறார்கள். போனைப் பிடித்திருப்பது மாமி. மாப்பிள்ளை கடைசிவரை கூரைத் தகரத்தையும் மாமியின் நெற்றியையும் மட்டுமே பார்க்கிறான். முடிவில் நெற்றிக்கே சம்மதம் சொல்கிறான். அவளுடைய ஊர்ச் சனம் மட்டுமா, வேறு படத்துக்காக வட்டக்கச்சியிலிருந்து வந்தவர்களும் கதிரை அதிரச் சிரித்தார்கள். நான் கண்ணாடியைக் கழற்றி இரண்டு தரம் கண் துடைத்தேன்.

அடுத்த படத்தில் ஒருவர் உருத்திரபுரத்து வாய்க்கால் ஓரமாக நடந்தார். நடந்துகொண்டே இருந்தார். ஒரு கொக்கு பறந்தது. என் கவிதையே சாரம் கட்டிக்கொண்டு நடப்பது போலிருந்தது. பின்வரிசையிலிருந்த மனைவி முதுகில் விரலால் குத்தினாள்.

"இஞ்சருங்கோ, குறட்டை கேக்குது."

நடந்தவருக்கே முதற்பரிசு கொடுத்தேன். சிரிக்கவைத்தது இலேசானது, நித்திரையாக்கியது ஆழமானது. என் அழகியல் அன்றைக்கு அவ்வளவுதான்.

பஸ்ஸடியில் அந்தக் கருவாட்டுக்காரி வந்தாள். சண்டைக்கு வரவில்லை.

"அண்ணை, நீங்கள் கண் துடைச்சதைக் கண்டனான். அதுக்குப் புள்ளி இல்லையோ?"

வேரைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நல்ல காலம், பஸ் ஹோர்ன் அடித்தது.

போன மாதம் அழைப்பெடுத்தாள். அயலில் ஒரு போன் இரவல் வாங்கிவிட்டாளாம். புதுப் படம் ஒரு நடுவரைப் பற்றியது. நடுவராக நான் வரவேண்டுமாம். எனக்கு நடிக்கத் தெரியாதே என்றேன்.

"நடிக்கத் தேவையில்லை அண்ணை. அண்டைக்கு இருந்த மாதிரி இருங்கோ. நித்திரை வந்தா இன்னும் நல்லம்."

போய் இருந்தேன். இரண்டாந்தரம் எடுக்கத் தேவைப்படாத ஒரே காட்சி என்னுடையதுதான்.

படம் இந்த வருடப் போட்டிக்குப் போகிறது. பரிசு இம்முறையும் கமரா. வட்டக்கச்சியிலுள்ள என் சொந்தங்கள் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். ஒரு பஸ் காணாது என்கிறாள் மனைவி. சனத்துக்குப் பாதிப் புள்ளி கொடுக்கலாமே என்று ஏற்பாட்டாளருக்கு ஒரு கடிதமும் எழுதியிருக்கிறேன். வேர், காற்று ஒன்றும் அதில் இல்லை.