அரிவாள் இடுப்பில் இருந்த நாள்

தஞ்சாவூரில் பல்கலைக்கழகக் கலைக்கூடம். பழைய புகைப்படங்களின் கண்காட்சி. ஒரு படத்தில், விளைந்த வயலோரம் பத்துப் பெண்கள் வரப்பை மறித்து நிற்கிறார்கள். கீழே ‘அறுவடைக் களிப்பு’ என்று அட்டை.

பாபநாசத்திலிருந்து என்னோடு பஸ்ஸில் வந்த அஞ்சலையம்மா அந்த அட்டையைப் பிய்த்தெடுக்கிறார். காவலாளி ஓடி வருகிறார்.

“என்னம்மா பண்றீங்க?”

“மூணாவதா நிக்கிறது நான்தான்யா. அறுக்கிறவ அரிவாள இடுப்புலயா சொருகிக்குவா? மிராசுதாரு கூலிய ஏத்துற வரைக்கும் அறுக்க மாட்டோம்னு நின்ன நாளு இது. களிப்பாம்ல!”

“புரொபசர்தான் மாத்தணும். நாளைக்குத்தான் வருவாரு.”

“வரட்டும். அதுவரைக்கும் நானே சொல்றேன்.”

அட்டையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, படத்தின் பக்கத்தில் நிற்கிறார். கல்லூரிப் பெண்கள் கூட்டமாக நுழைகிறார்கள்.

“வாங்க புள்ளைங்களா! இதுல எவளாவது சிரிக்கிறாளா, பாத்து சொல்லுங்க.”