தீயாத பால்

ஆம்பூர்க்காரர்களுக்கு மூக்கு பாதி செத்துவிட்டது என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே தோல் பதனிடும் ஷாப். சுண்ணாம்புத் தொட்டி, ஆவாரம்பட்டைத் தொட்டி, வெயிலில் காயும் தோல் என்று எல்லா வாடையையும் சோற்றோடு சேர்த்து விழுங்கி வளர்ந்தோம். அப்படிப்பட்ட ஊரில், நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம், என் அம்மாவுக்கு மட்டும் புதிதாக ஒரு வாடை வரத் தொடங்கியது.

"பால் தீயுதுடி, ஓடிப் பாரு" என்பாள். ஓடுவேன். அடுப்பில் பால் இருக்காது. பல சமயம் அடுப்பே எரியாது. திரும்பி வந்தால் அம்மாவின் கண்கள் என் மேல் இருக்கும், ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை என்று தெரியும். உதடுகள் எதையோ சுவைப்பதுபோல் அசையும். நான் மனசுக்குள் இருபது எண்ணுவதற்குள் பழையபடி ஆகிவிடுவாள்.

"இத யாருகிட்டயும் சொல்லிடாத. உங்க அத்தைக்குத் தெரிஞ்சா பேய் புடிச்சிடுச்சுன்னு ஆள இட்டாந்துடும்" என்றாள் ஒருநாள்.

எங்களோடு இருந்த அத்தை, என் நைனாவின் அக்கா, ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலில் முன் வரிசையில் உட்காருபவள். பேய் விஷயத்தில் மட்டும் அவளுக்கு எல்லா மதமும் சம்மதம். தெருக்கோடி வீட்டுப் பெண்ணைத் தூணில் கட்டிவைத்து அடித்ததையும், அவள் அதற்குப் பிறகு எழுந்து நடக்காததையும் நாங்கள் எல்லோருமே பார்த்திருந்தோம். வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

பிறகு தலைவலி வந்தது. விடியற்காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பாள். அத்தை எனக்குத் தம்பி பிறக்கப் போகிறான் என்று குஷியாகி மாங்காய் வாங்கி வந்தாள். தம்பி வரவில்லை. அம்மா நடக்கும்போது கதவு நிலையில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

ஒரு சனிக்கிழமை கிணற்றில் தண்ணீர் சேந்தும்போது அவள் கை நின்றது. கயிறு நழுவி, குடம் உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. உதடுகள் அசைந்தன. உடம்பு மெல்ல மெல்லக் கிணற்றுச் சுவரின் மேல் சாய்ந்தது. நான் அவள் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு கத்தினேன். இருபது எண்ணியும் அவள் திரும்பவில்லை. பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மாள், நான் காலா என்று கூப்பிடுகிறவள், ஓடி வந்து இடுப்போடு அணைத்து இழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் நைனா ஷாப்புக்கு லீவு சொல்லிவிட்டு அம்மாவை வேலூருக்குக் கூட்டிப் போனார். அத்தையும் வந்தாள். நான் சேலையை விடாததால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

அங்கே ஒரு டாக்டர், வெளிச்சம் விடும் சின்னக் கண்ணாடியால் அம்மாவின் கண்களுக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "தலைவலி தவிர வேற ஏதாச்சும் உண்டாம்மா? வித்தியாசமா ஏதாச்சும் தோணுமா?" என்று கேட்டார்.

அம்மா பக்கத்தில் நின்ற அத்தையைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

"இல்லீங்க."

என் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் இறுகின. சத்தியத்தை மீறினால் எங்கே போவேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் கிணற்றின் உள்பக்கத்தையும் பார்த்திருந்தேன்.

"பால் தீயற வாடை வரும்" என்றேன். "பாலே இல்லாதப்போ."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "அப்புறம் இன்னா ஆவும், சொல்லு."

உதடு, கண், இருபது எண்ணுவது, எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என் கையை விட்டுவிட்டாள்.

தலைக்குள் கட்டி வளர்கிறது, அநேகமாகக் காதுக்கு மேலே, பட்டணத்து ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். "திறந்தா பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். திறக்கலைன்னா பிழைக்கவே மாட்டாங்க."

"மண்டையத் தொறக்கறதா!" என்று அத்தை அலறினாள்.

நைனா "தொறக்கட்டும்" என்றார்.

காட்பாடியில் நைனாவோடு பட்டணத்துக்கு ரயில் ஏறும்போது அம்மா என் பக்கம் திரும்பவில்லை.

அவர்கள் இரண்டு பேரும் இல்லாத ஏழு வாரமும் நான் ஜுரம் வந்தவள்போல் திரிந்தேன். அம்மா செத்தால் என் நாக்குதான் காரணம். அத்தை மூன்று நாள் உபவாசம் இருந்தாள். கடைசியில் நைனாவிடமிருந்து கார்டு வந்தது. 'ஆபரேஷன் ஆயிற்று. பெரிய நெல்லிக்காய் அளவு கட்டி. முழுதும் எடுத்துவிட்டார்கள். கண் திறந்தாள்.' அத்தை அதை என்னிடம் மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டு, மூன்று தடவையும் அழுதாள்.

மொட்டைத் தலையோடு, காதுக்கு மேல் பிறைபோல் ஒரு தழும்போடு அம்மா வந்தாள். பார்த்தவர்கள் எந்த மலைக்கு வேண்டுதல் என்று கேட்டார்கள். வாடையும் தலைவலியும் போயிருந்தன. செம்பையும் 'அது' என்றாள், கரண்டியையும் 'அது' என்றாள். களைப்பு என்றாள் அத்தை. அத்தையை அண்ணி என்றாள், காலாவை அக்கா என்றாள். நைனாவின் பெயரை அவள் என்றைக்குமே சொன்னதில்லை. என்னை மட்டும் "ஏ, இந்தா" என்றாள்.

சத்தியத்தை மீறியதற்குத் தண்டனை என்று எனக்குப் புரிந்துபோயிற்று. தினமும் மத்தியானம் அவளும் காலாவும் பின்கட்டில் உட்கார்ந்து கிசுகிசுப்பார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திவிடுவார்கள். என்னைப் பற்றித்தான் பேச்சு என்பது தெரிந்தது. எனக்கும் ரோஷம் வந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என்று முடிவு செய்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து குரல் வந்தது.

"சுகிர்தம்."

கேட்டது. திரும்பவில்லை.

"சுகிர்தம்!"

இத்தனை நாள் கழித்து இப்போது என்ன என்று ஒற்றைக் காலில் அடுத்த கட்டத்துக்குத் தாவினேன். மூன்றாவது தடவைக்குத்தான், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு திரும்பினேன். அம்மா நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தாள், நெற்றியெல்லாம் வேர்வை. அவளுக்குப் பின்னால் காலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அம்மா அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் இருந்தாள். அவளை அடக்கம் செய்த பிறகுதான் காலா சொன்னாள்: ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோதே என் பெயர் அவளிடம் இல்லை. பெற்ற பெண்ணின் பெயரை நைனாவிடம் கேட்க வெட்கப்பட்டு, ஊருக்கு வந்ததும் காலாவிடம் கேட்டாள். காலா சொல்லிக் கொடுப்பாள். ராத்திரி தூங்கி எழுந்தால் போய்விடும். மத்தியானம் மறுபடி முதலிலிருந்து. அன்றைக்குத்தான் முதல் தடவையாக, யாரும் எடுத்துக் கொடுக்காமல் வந்ததாம்.

நான் முதல் தடவை கூப்பிட்டபோதே திரும்பியிருக்கலாம்.