நாங்கள் கறி வைத்துத் தின்ற சாட்சி

எண்பத்தைந்தாம் ஆண்டு ஸ்கீவ என்ற டேனிஷ் நகருக்குப் பக்கத்து ஊரொன்றில், ஆற்றங்கரையில் இருந்த பழைய விடுதியில் எங்களைப் போட்டிருந்தார்கள். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. எதிரே ஒரு அணைக்கட்டு. அதன் முதலாளி ஆற்றை மறித்துக் கொஞ்சம் மின்சாரம் எடுத்து விற்றான். தூண்டில் சங்கத்துக் கிழவனோ, "ஒரு காற்றாலையே அதைவிடக் கூடத் தரும். அணையை உடை, சால்மன் மீன் முட்டையிட மேலே போகட்டும்" என்று கத்திக்கொண்டு திரிந்தான். "இந்த ஆற்றில் சால்மன் செத்தொழிந்து கனகாலம். ஒன்றைக் காட்டு, நானே உடைக்கிறேன்" என்றான் முதலாளி.

எனக்கு இரண்டு பேரையும் கண்ணில் காட்டக்கூடாது. முதலாளி எங்களைக் கண்டால் காறித் துப்புவான். கிழவன் துப்பமாட்டான், எதையோ களவெடுத்துவிட்டோம் என்பதுபோல எங்கள் கைகளையே பார்ப்பான்.

கார்த்திகையில் ஒரு காலை, அணைக்குக் கீழே பெரிய மீனொன்று துள்ளித் துள்ளிச் சீமெந்தில் மோதி விழுந்துகொண்டிருந்தது. என் கை நீளம் இருக்கும். கண்முன்னால் மீன் துள்ளினால் எங்கள் ஊரில் யார் யாரிடம் அனுமதி கேட்பது? அரிசிச் சாக்கோடு இறங்கி அமுக்கினேன். கால் இரண்டும் விறைத்துப் போயின.

என் அறையில் இருந்த அண்ணை பழப்புளி விட்டு, தூள் போட்டுக் கறி வைத்தார். தலை, வழக்கம்போல, மூத்தவரான அவருக்கே போனது. அதன் கீழ்த்தாடை கொக்கிபோல வளைந்திருந்தது. அப்படியொன்றை நான் கண்டதேயில்லை. கழுவி யன்னலில் வைத்தேன்.

அது என்ன மீன் என்று அடுத்த நாள்தான் விளங்கியது. அணையடியில் சால்மன் துள்ளியதைத் தபால்காரர் கண்டாராம். கிழவன் கமராவோடு பத்து நாள் மழையில் நின்றான். என்னிடமும் வந்து, "நீ கண்டாயா?" என்று கேட்டான். இல்லை என்றேன்.

"வாயைத் திறந்தியெண்டால் களவு மீனெண்டு பொலிசிலை குடுப்பாங்கள்" என்றார் அண்ணை. "பிறகு விண்ணப்பமும் போச்சு, நீயும் பிளேன் ஏறவேண்டியதுதான்."

அணையைப் பற்றி முடிவெடுக்க ஊர் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள், கதிரை அடுக்க. முதலாளி எழும்பினான். "எங்கே உங்கள் சால்மன்? ஒருவேளை எங்கள் கறுப்பு விருந்தாளிகள் தின்றுவிட்டார்களோ?" மண்டபமே சிரித்தது. கிழவனும் சிரித்தான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சொன்னது உண்மையாகவும் இருந்ததில் எரிச்சல் இன்னும் கூடியது.

அண்ணை என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "விசரா, பேசாமல் இரடா! திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்!"

உதறிவிட்டு விடுதிக்கு ஓடினேன். தாடையோடு திரும்பி வந்து முதலாளியின் முன்னால் படாரென்று வைத்தேன். "ஓம், நான்தான் தின்றேன்" என்றேன், எனக்குத் தெரிந்த டேனிஷில். "நல்ல ருசி. இனி உடை."

ஒருவரும் சிரிக்கவில்லை. கிழவன் தாடையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண் கலங்கியது. "சால்மன்தான்" என்றான். பிறகு நேரே போய்ப் பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தான், நாசமாய்ப் போனவன்.

பொலிஸ் எழுதிய தாள் என் விண்ணப்பத்தோடு சேர்ந்தது. அண்ணைக்கு விசா கிடைத்து, அவர் ஒடென்சே நகருக்குப் போன பிறகும் நான் பதிலில்லாமல் அங்கேயே கிடந்தேன். அணையை உடைத்த நாளில் கொடி கட்டிக் கோப்பி ஊற்றினார்கள். எனக்கு அழைப்பில்லை. வேலிக்கு இப்பால் நின்று பார்த்தேன். கிழவன் என்னைக் கண்டு கிட்ட வந்தான். நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்தேன், மடையன் நான்.

"இனி இந்த ஆற்றுப் பக்கம் உன்னைக் காணக்கூடாது" என்றான்.

அடுத்த நாள் காலை முதல் ஆளாய் அங்கே போய் நின்றேன். அவன் வந்ததும் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன், நன்றாகப் பார்க்கட்டும் என்று.