பத்தியம் இருந்த கோழி

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு முருங்கைக்காயும் கோழிக்கறியும் வாங்கப் போனவன், கறிக்குப் பதில் உயிருள்ள கோழியோடு வீடு திரும்பினேன். தராசில் வைத்ததும் அது எழுந்து நிற்கப் பார்த்து, முடியாமல் பொத்தென்று உட்கார்ந்தது. "ஐஸே ஹீ தே தோ, பையா", வெட்டாமல் அப்படியே கொடுத்துவிடு என்று என் வாய் சொல்லிவிட்டது. ஆபீசில் ஃபைல்களைத் தள்ளிப்போட்டுப் பழகிய புத்தி, வேறென்ன.

"குழம்புக்கு வாங்கிட்டு வாங்கன்னா விருந்தாளியக் கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்றாள் மனைவி. "ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான். சொல்லிட்டேன்."

அந்த ஞாயிறு நாங்கள் சாம்பார் சாப்பிட்டோம்.

சரோஜினி நகரில் எங்களுக்குக் கிடைத்திருந்தது தரைத்தள குவார்ட்டர்ஸ். பின்பக்கம் மதில்வரை ஒரு துண்டு மண் இருந்தது. கோழி அதில் நாலு எட்டு வைக்கும், உடனே உட்கார்ந்து மூச்சு வாங்கும். கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் சிரிக்காமல் பார்த்ததே பெரிய விஷயம். "இது கறிக்காக வளர்த்த ஜாதி. தின்னத் தின்ன எடை போடும், காலும் இதயமும் தாங்காது. தானியத்தைக் குறைத்துக் கீரையும் காயும் கொடுங்கள், நடக்க விடுங்கள். இல்லாவிட்டால் வெயில் காலத்தைத் தாண்டாது" என்று இந்தியில் விளக்கினார். என்னை மேலும் கீழும் பார்த்து, "உங்களுக்கும் இதேதான்" என்றும் சேர்த்துக்கொண்டார். அதை நான் மனைவியிடம் சொல்லவில்லை.

அக்டோபரில் மண்ணைக் கொத்தினேன். பாலக்கீரை, வெந்தயக்கீரை, முட்டைக்கோஸ், கேரட் எல்லாம் போட்டேன். டெல்லிக் குளிரில் மனிதன்தான் சுருங்குவான், கீரைக்கு அது கொண்டாட்டம். பாத்திகளை வேண்டுமென்றே கோழிக் கூண்டுக்கு எதிர்க்கோடியில் மதிலோரமாக அமைத்தேன். வேண்டுமென்றால் நடந்து போய்த் தின்னட்டும் என்பது என் திட்டம். அம்மையார் நடக்கவில்லை. நான் பறித்துக்கொண்டு வரும்வரை உட்கார்ந்த இடத்திலிருந்தே கொக்கரித்து அதிகாரம் செய்தாள். முட்டைக்கோஸைக் கயிற்றில் தலைக்கு மேலே கட்டித் தொங்கவிட்டேன். அதற்கு மட்டும், போனால் போகிறதென்று எழுந்து நின்றாள்.

மாடி வீட்டு ஆன்ட்டிக்கு என் பாலக்மேல் ஒரு கண். "பாயி சாப், பனீர் பண்றேன், தோடா பாலக் தே தோ" என்று இந்தியும் தமிழும் கலந்து கொஞ்சம் கீரை கேட்டார். இருபது வருடம் தமிழர்களோடு பழகியவர். முர்கிக்கு, அதாவது கோழிக்கு, வேண்டும் என்று நான் சொன்னதிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை.

மார்ச்சில் கீரை முடிந்து வெள்ளரியும் பூசணியும் ஏறின. கோழி மட்டும் இளைக்கவே இல்லை. கீரையைத் தின்று யாராவது குண்டாவார்களா என்று எனக்கு ஒரே குழப்பம். ஒருநாள் ஆபீசுக்குக் கிளம்பியவன் மறந்துவிட்ட கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்தேன். பின்கட்டில் மனைவி கிண்ணத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிண்ணத்தில் மோர் விட்டுப் பிசைந்த பழைய சோறு. கோழி தலையைத் தூக்காமல் தின்றுகொண்டிருந்தது.

"என்னடி இது?"

"வெயிலு ஏறுதுல்ல? சூடு பிடிச்சிரும். பழையது குளிர்ச்சிங்க."

"அது பத்தியத்துல இருக்கு!"

"நீங்க போடுறது வெறும் தழை. பிள்ளைய இப்பிடிப் பட்டினி போடுவாங்களா?"

ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு எப்போது பிள்ளையானது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குப் பழைய சோறும் கிடைத்திருக்காது.

ஜூனில் அனல் காற்று அடித்த ஒரு மத்தியானம் ஆபீசுக்கு போன் வந்தது. "உடனே வாங்க. அது கண்ணத் தொறக்கல." ஓடி வந்தேன். இறக்கையை விரித்து, வாயைப் பிளந்து, ஹாலில் கூலருக்கு நேரே கிடந்தது. பக்கத்தில் மனைவி ஈரத்துணியால் அதன் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஃப்ரிட்ஜில் வைத்த வெள்ளரியை நறுக்கி அலகருகே வைத்தேன். அது சீண்டவில்லை.

"நாந்தான் சோத்தப் போட்டுக் கொன்னுட்டனா?" என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து எந்தச் சண்டையிலும் அவள் தப்பை ஒத்துக்கொண்டவள் இல்லை. அன்று ஒத்துக்கொண்டபோது எனக்கு ஜெயித்த மாதிரியே இல்லை, பயமாக இருந்தது. "இல்ல, வெயிலு" என்றேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் அது ஒரு துண்டு வெள்ளரியைக் கொத்தியது. அப்புறம் ஹாலின் நடுவிலேயே எச்சமிட்டது. மனைவி அதைத் துடைத்தபோது ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

அதன்பிறகு பழையதுக்குத் தடை. வெள்ளரியும் பூசணிப் பிஞ்சும் ஒரு பிடி கம்பும்தான். நான் காயை ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தேன். மனைவி கதவோரம் நின்று, "வா, வா, வந்துரு" என்று கூப்பிட்டாள். கோழி மெலிந்தது. உட்கார்ந்து உட்கார்ந்தாவது வந்தது. ஆனால் பாதித் தோட்டத்துக்கு மேல் தாண்டவில்லை.

மழை தொடங்கிய வாரம் மதிலோரப் பாத்தியில் தண்டுக்கீரை விதைத்திருந்தேன், எல்லாம் கோழிக்காகத்தான். விரற்கடை உயரம் முளைத்திருந்தது. ஒருநாள் காலையில் டீயோடு போய்ப் பார்த்தால் கூண்டு காலி. பாத்தியின் நட்டநடுவில், சேற்றில் இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டு, முளைகளை வேரோடு சீய்த்துத் தள்ளிக்கொண்டிருந்தாள் அந்த மகராசி.

"அடி பாவி, நாசமாப் போறவளே, அவ்வளவும் போச்சே!" என்று கத்தினேன். அடுப்படியிலிருந்து மனைவி ஓடி வந்தாள். பார்த்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, எனக்கும் கண் சரியாகத் தெரியவில்லை. மாடி ஜன்னல் திறந்து ஆன்ட்டி எட்டிப் பார்க்கும்வரை திட்டிக்கொண்டே இருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரையும் திட்டியதில்லை.